மாதிரித் துணியும் ஒரு மூலதனம்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்றிருந்த ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நடந்த நிகழ்ச்சி இது. வெளியூர் வணிகர் ஒருவர் பழைய சேலை ஒன்றின் நிழற்படத்தைக் கொண்டுவந்து காட்டினார். "இது உங்கள் ஊரில் நெய்த சேலைதான். இதே கரையில் ஐம்பது சேலைகள் வேண்டும், நல்ல விலை தருகிறேன்" என்றார். அங்கிருந்த முதிய நெசவாளர்கள் படத்தைக் கையிலே வாங்கிப் பார்த்தார்கள். கரை தம்முடையதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதை நெய்யும் கணக்கு ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் இறந்துவிட்டார், அவர் கட்டிவைத்த விழுதும் அவர் வீட்டில் இல்லை. சங்கத்து அலமாரியில் மாதிரித் துண்டு இருக்குமே என்று தேடினார்கள். அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய துண்டுகளெல்லாம் தறி துடைக்கப் போய்விட்டன என்று கணக்கர் வருத்தத்துடன் கூறினார். வணிகர் எழுந்து போனார். ஐம்பது சேலைகளின் கூலியும் அவரோடு போயிற்று.

ஒரு சாண் துணியின் விலை என்ன? நூலும் கூலியும் சேர்ந்து மிகச் சிறிய தொகைதான். ஆயினும் அது இல்லாமற் போனதால் சங்கம் இழந்தது பெரிது. பங்குத் தொகை, சேமநிதி, கட்டடம், தறி, நூல் இருப்பு ஆகியவற்றையே நாம் மூலதனம் என எண்ணுகிறோம். அவற்றோடு வைத்து எண்ணத்தக்க மற்றொரு மூலதனமும் உண்டு. அதுவே நாம் நெய்த துணியின் மாதிரியும், அதனைப் பற்றிய குறிப்பும். இதன் மதிப்பை நாம் அறியாதிருந்த காலத்தில் பிறர் நன்கு அறிந்திருந்தனர். இதற்கு அருங்காட்சியகங்களில் உள்ள பழைய துணிகளே சாட்சி. அத்தகைய மூன்று வரலாறுகளை இந்தப் பாடத்தில் காண்போம். பின்னர் நம் சங்கம் செய்யவேண்டுவது யாது என்பதையும் ஆராய்வோம்.

1. புதுச்சேரியில் வெட்டிய பதினொரு துண்டுகள்

சோழமண்டலக் கரையில் எழுதிய சாயத்துணிகள் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் மிகவும் விரும்பப்பட்டன. எத்தனை முறை துவைத்தாலும் அவற்றின் சிவப்பும் நீலமும் போகவில்லை. அங்குள்ள பட்டு, கம்பளித் தொழிலாளர்கள் தங்கள் பிழைப்புக் கெடுகிறது என்று முறையிட்டனர். பிரான்ஸ் அரசு 1686ஆம் ஆண்டில் இத்துணிகளுக்குத் தடை விதித்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. தடை இருந்த காலத்திலும் ஆசை குறையவில்லை; இச்சாயத்தின் இரகசியத்தை அறியவேண்டும் என்ற முயற்சியும் குறையவில்லை.

1734ஆம் ஆண்டை ஒட்டிப் பொலியே என்னும் பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி புதுச்சேரிக்கு வந்திருந்தார். சாய வேலையை அவர் தொடக்கமுதல் இறுதிவரை உடனிருந்து பார்த்தார். பார்த்ததை எழுதிவைத்ததோடு அவர் நிற்கவில்லை. வேலையின் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார். அவ்வாறு எடுத்த பதினொரு துண்டுகள் அவருடைய குறிப்பேட்டோடு சேர்ந்து பாரிஸ் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகத்தில் இருக்கின்றன. 1742ஆம் ஆண்டில் கேர்தூ என்னும் பாதிரியாரும், தொழில் தெரிந்த உள்ளூரார் சிலரிடம் கேட்டறிந்து, இச்சாய முறையை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார்.

அந்த முறையின் சாரம் இது. துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்புச் சத்து, பின்னர் இடும் உப்புகளைப் பற்றிக்கொள்ளும். பாலிலுள்ள கொழுப்பு, எழுதும் கோடு பரவிவிடாமல் காக்கும். கருப்பு வேண்டிய கோடுகளை இரும்பு ஊறிய காடியால் எழுதுவர். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தடவுவர். பின் சாயவேர் இட்ட நீரில் துணியைக் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை நிலையாகப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடங்களில் ஏறிய நிறம் வெயிலிலும் சலவையிலும் வெளுத்துவிடும். அடுத்து, நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் தோய்ப்பர். மெழுகை நீக்கிய பிறகு மஞ்சள் நிறத்தைக் கடைசியாகத் தீட்டுவர்.

இவ்வளவு அறிவும் நம் கரையோரச் சாயக்காரரின் கைகளில் இருந்தது. அதை எழுதி, துண்டோடு சேர்த்து வைத்தவர் மட்டும் வேறொருவர். தடை நீங்கிய மறு ஆண்டிலேயே, அதாவது 1760இல், பாரிஸுக்கு அருகே ழூயி என்னும் ஊரில் ஓபர்காம்ப் என்பவர் பெரிய துணி அச்சுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். இக்குறிப்புகளால் மட்டுமே அத்தொழில் அங்கு வளர்ந்தது என்று கூறுவது மிகையாகும். ஆனால் ஐரோப்பியர் பல வழிகளிலும் சேர்த்துவைத்த அறிவின் மீதே அது வளர்ந்தது என்பது உண்மை.

பயிரிடுவோர் இதில் கவனிக்கவேண்டிய செய்தியும் உண்டு. சாயவேர் கடற்கரையின் மணற்பாங்கான நிலத்தில் விளைந்தது. அவுரி உழவரின் பயிராயிருந்தது. சிவப்புச் சாயத்தின் சத்தைச் செயற்கையாகச் செய்யும் முறை 1869இல் உரிமம் பெற்றது. செயற்கை நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. அதன் பிறகு இவ்விரு பயிர்களும் சுருங்கிப்போயின. நெசவாளனுக்கு நேரும் நன்மையும் தீமையும் உழவனின் வயல்வரை செல்லும் என்பதற்கு இது சான்று.

2. பதினெட்டுப் புத்தகங்களும் எழுநூறு துண்டுகளும்

இரண்டாவது வரலாறு இதனினும் பெரியது. லண்டனில் அக்காலத்தில் இந்தியா மியூசியம் என்ற ஓர் அருங்காட்சியகம் இருந்தது. இந்திய விளைபொருள்களைப் பற்றி அறிக்கை தருவதற்கென 1858இல் நியமிக்கப்பட்ட ஜான் போர்ப்ஸ் வாட்சன் என்னும் மருத்துவர் அதற்குப் பொறுப்பாளராயிருந்தார். அந்த அருங்காட்சியகத்தில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த துணிகள் குவிந்திருந்தன. அவற்றை அவர் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துப் பூட்டவில்லை. துண்டு துண்டாக வெட்டினார்.

எழுநூறு வகைத் துணிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் வெட்டி, தாள்களில் ஒட்டி, பதினெட்டுப் பெரிய புத்தகங்களாகக் கட்டினார். 1866ஆம் ஆண்டில் இந்த வேலை நிறைவேறியது. இவ்வாறு இருபது தொகுதிகள் செய்யப்பட்டன. ஒரு தொகுதிக்கு 700 துண்டுகள் என்றால், இருபது தொகுதிகளுக்கும் 14,000 துண்டுகள் ஆகின்றன. பதின்மூன்று தொகுதிகள் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள நகரங்களில் வைக்கப்பட்டன. மான்செஸ்டர், பிரெஸ்டன் போன்ற பஞ்சாலை நகரங்கள் அவற்றுள் அடங்கும். ஏழு தொகுதிகள் இந்தியாவிற்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று சென்னைக்குரியது. பிரெஸ்டன் நகரத்து ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு தொகுதி இன்றும் காணக்கிடக்கிறது.

இந்த வேலை எதற்காகச் செய்யப்பட்டது என்பதை வாட்சன் ஒளிக்கவில்லை. இந்தியர் எத்தகைய துணியை விரும்பி உடுக்கின்றனர் என்று ஆலை முதலாளி அறியவேண்டும். அறிந்தால்தான் அத்துணியை ஆலையில் செய்து இந்தியருக்கு விற்க முடியும். இருபது தொகுதிகளும் இருபது தொழில் அருங்காட்சியகங்கள் ஆகும் என்று அவர் கருதினார்.

அவர் வேலை செய்த ஒழுங்கை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. தலைப்பாகை, வேட்டி, லுங்கி, சேலை என நெய்தபடியே தையலின்றி உடுப்பவை ஒரு புறம். கஜக்கணக்கில் வாங்கி வெட்டித் தைப்பவை மற்றொரு புறம் என்று வகுத்தார். முதல் வகையில் நீள அகலமும், கரையும், முந்தியும் அமையவேண்டிய இடத்தில் அமையாவிட்டால் துணி விலைபோகாது என எச்சரித்தார். வெறுந்துணியை மட்டும் நெய்து அனுப்பிவிட்டு, இந்தியர் வாங்கவில்லையே என்று குறைகூறுவதில் பயனில்லை என்பது அவர் கருத்து. சாதாரணத் துணிகளில் ஆலைக்கு வாய்ப்புண்டு. மிக மெல்லியவற்றிலும் வேலைப்பாடு மிக்கவற்றிலும் கைத்தறியை வெல்வது அரிது என்றும் எழுதினார். டாக்கா மஸ்லினின் இழையை நுண்பெருக்கியில் வைத்து ஆராய்ந்து, ஆலை நூலைவிட அது மெல்லியது, முறுக்கும் மிகுந்தது என்று கண்டு கூறினார்.

இப்புத்தகங்களால்தான் நம் நெசவு நலிந்தது எனக் கூறுதல் முறையன்று. 1866க்கு முன்னரே ஆலைத்துணி நம் சந்தைகளில் நிறைந்துவிட்டது. நீராவி இயந்திரம், இரயில்பாதை, ஆட்சியாளரின் வரிக்கொள்கை ஆகியவையே பெருங்காரணங்கள். இப்புத்தகங்கள் அந்தப் போட்டியில் ஒரு கருவியாயின. ஆனால் அந்தக் கருவி செய்யப்பட்டது நம் முன்னோரின் துணியைக்கொண்டு.

மற்றொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு துண்டின் கீழும் நீளம், அகலம், எடை, கிடைத்த ஊர், சிலவற்றில் விலை என எல்லாம் எழுதப்பட்டுள்ளன. நெய்தவர் பெயர் மட்டும் இல்லை. எழுநூறு துணிகளில் எத்தனை குடும்பங்களின் உழைப்பு அடங்கியிருக்கும்! அவர்களுள் ஒருவரும் தம் துணி வெட்டப்பட்டதையும், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அது பாடநூலாயிற்று என்பதையும் அறிந்திருக்கமாட்டார்கள்.

காலம் மேலும் சுழன்றது. 1958ஆம் ஆண்டில், பருத்தித் துணியை ஏற்றுமதி செய்வதைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடாகப் பிரிட்டன் மாறியது. லங்காஷயரின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இந்தியா மியூசியமும் 1879இல் கலைக்கப்பட்டு, அதன் துணிகள் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. 1899 முதல் அதற்கு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று பெயர். போட்டிக்காகச் செய்த புத்தகங்கள் இன்று ஆராய்ச்சிப் பொருள்களாகிவிட்டன. நம் தறியோ இன்னும் ஓடுகிறது.

3. ஒரு சீட்டைப் படிக்கும் முறை

துண்டின் கீழே நீளம், அகலம், எடை மூன்றும் இருந்தால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு வேட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் 4 கஜ நீளம், 1¼ கஜ அகலம். ஆகவே ஒவ்வொன்றும் 5 சதுர கஜம். ஒன்றின் எடை 10 அவுன்ஸ். மற்றதன் எடை 20 அவுன்ஸ். முதலாவது சதுர கஜத்திற்கு 2 அவுன்ஸும், இரண்டாவது 4 அவுன்ஸும் ஆகின்றன. இன்றைய அளவில் இவை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிராமும் 136 கிராமும் ஆகும். முன்னது கோடைக்கேற்ற மெல்லிய துணி. பின்னது திண்மையான துணி. துணியைத் தொட்டுப் பாராமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

இனி ஓர் அங்குலத்தில் பாவிழை எத்தனை, ஊடை எத்தனை என்று கண்ணாடி வைத்து எண்ணினால், நூலின் நம்பரையும் கணித்துவிடலாம். 840 கஜம் கொண்ட ஒரு சிட்டம் ஓர் இராத்தல் நிறுத்தால் அது ஒன்றாம் நம்பர் நூல். நாற்பதாம் நம்பர் நூலில் ஓர் இராத்தலுக்கு நாற்பது சிட்டம். அதாவது 33,600 கஜம். இழை எண்ணிக்கையும் எடையும் தெரிந்தால், எந்த நம்பர் நூல், எவ்வளவு நூல், என்ன அடக்கம் ஆகும் என்பதெல்லாம் வெளிப்படும். கஞ்சியின் எடையை மட்டும் கழித்துக்கொள்ளவேண்டும். மான்செஸ்டர் முதலாளிக்குப் பயன்பட்ட இதே கணக்கு, நம் சங்கத்து விலைக் குழுவுக்கும் பயன்படும்.

4. துண்டிலிருந்து விதைக்கு

மூன்றாவது வரலாறு நம் காலத்தது. மனத்திற்கு மகிழ்ச்சி தருவது. டாக்கா மஸ்லினுக்குரிய நூல், மேக்னா ஆற்றின் கரையில் விளைந்த பூட்டி கார்ப்பாசு என்னும் பருத்தியிலிருந்து வந்தது. வாங்குவோர் குறையவே நெசவு நின்றது. நெசவு நிற்கவே நூற்போர் கைவிட்டனர். நூற்போர் இல்லாமையால் உழவர் அப்பருத்தியை விதைக்கவில்லை. இவ்வாறு துணி, நூல், விதை மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன.

வங்காளதேச அரசின் கைத்தறி வாரியம் இதனை மீட்கும் வேலையை மேற்கொண்டது. ஆராய்ச்சியாளர்கள் நாட்டின் பல இடங்களிலிருந்தும் பருத்திச் செடிகளைத் திரட்டினர். ஆனால் எது உண்மையான செடி என்று அறிவது எவ்வாறு? ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய துணி வேண்டும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலிருந்த பழைய மஸ்லின் அதற்கு உதவிற்று. துணியின் மரபணுவைச் செடிகளின் மரபணுவோடு ஒப்பிட்டனர். காஜிப்பூர் மாவட்டத்துக் காபாசியாப் பகுதியில் கிடைத்த செடி அதனோடு பொருந்தியது.

செடி கிடைத்தபின் நூற்போரைத் தேடினர். கொமில்லாப் பகுதியில் கதர் நூற்றுவந்த பெண்கள் பயிற்சி பெற்று, மிக மெல்லிய நூலை நூற்கக் கற்றனர். ஜம்தானி நெய்யும் நெசவாளர்கள் அதைத் தறியில் ஏற்றினர். 2020ஆம் ஆண்டில் டாக்கா மஸ்லினுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பழைய துணி ஒன்று கிடைத்ததால் உழவரும் நூற்போரும் நெசவாளரும் மீண்டும் ஒரு தொழிலில் இணைந்தனர். நெசவாளரும் விளைவிப்போரும் சேர்ந்து படிக்கும் இந்த இதழில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேறு வேண்டியதில்லை. ஆயினும் அந்தத் துண்டைத் தேடி லண்டனுக்குப் போகவேண்டியிருந்தது என்பதையும் மறவாதிருப்போம்.

5. நம் நாட்டில் இன்றைய நிலை

1949இல் ஆமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தார் நிறுவிய காலிகோ அருங்காட்சியகம், இந்தியத் துணிகளுக்கென்றே நம் நாட்டில் அமைந்த பெருந்தொகுப்பு. அருங்காட்சியகங்கள் பல இப்போது தங்கள் துணிகளைப் படம்பிடித்து இணையத்தில் வெளியிடுகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே அவற்றைக் காட்டக்கூடும். ஊரின் பெயரைக் கொடுத்துத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

2019-20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவாளரும் துணைத்தொழிலாளருமாக 35.22 இலட்சம் பேர் உள்ளனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பில் 43.31 இலட்சம் பேர் இருந்தனர். பத்தாண்டில் எட்டு இலட்சம் பேர் குறைந்திருக்கின்றனர். தறியை விட்டுப் போகும் ஒவ்வொருவரும் தம்மோடு ஒரு கணக்கை, ஒரு கரையை, ஒரு கைப்பக்குவத்தைக் கொண்டுபோகின்றனர். எஞ்சியிருப்போரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆகவே அவர்கள் அறிந்ததையும் கேட்டு எழுதவேண்டும்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி ஆகியவை தொடக்க ஆண்டுகளிலேயே பதிவாயின. 2019இல் திருபுவனம் பட்டுச் சேலையும் கண்டாங்கிச் சேலையும் பதிவு பெற்றன. இவ்விரண்டிற்கும் விண்ணப்பித்தவை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களே என்பது நமக்குப் பெருமை. இப்பதிவிற்கு, பொருள் அந்த வட்டாரத்திற்கே உரியது என்பதை வரலாற்றுச் சான்று காட்டி மெய்ப்பிக்கவேண்டும். ஊரும் ஆண்டும் குறித்த ஒரு பழைய துண்டு, அங்கே பத்துப் பேரின் வாய்மொழியைவிட வலிமையுடையது. பதிவு பத்தாண்டுக்குரியது, புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பொருளின் பெயர் பதிவானதோடு கடமை முடிவதில்லை; அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமை பெற்றவராக நெசவாளரும் தனியே பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும்.

பெயரைப் பற்றியும் ஒரு நற்செய்தி உண்டு. 1935இல் தோன்றிய நம் மாநிலத் தலைமைச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ், 2010களில் பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்து விற்றது. எழுநூறு துண்டுகளில் இல்லாதிருந்த ஒன்றைச் சேர்த்த செயல் அது.

6. சங்கத்தில் மாதிரி ஏடு

இனி நாம் செய்யவேண்டுவன. இதற்குப் பெருஞ்செலவு வேண்டாம், ஒழுங்கு வேண்டும்.

துண்டு எடுத்தல்: நல்ல சேலையை வெட்டவேண்டியதில்லை. பாவின் கடைசியில் ஒரு சாண் அதிகமாக நெய்து எடுக்கலாம். உடல், கரை, முந்தி மூன்றும் அதில் தெரியவேண்டும்; பூ முழுவதும் ஒருமுறையாவது வரவேண்டும். கோர்வைக் கரையாயின் கரையும் உடலும் சேரும் இடம் கட்டாயம் இருக்கவேண்டும். அந்தச் சாணுக்குரிய நூலைச் சங்கம் தரவேண்டும், கூலியையும் தரவேண்டும். இதை நெசவாளரின் தலையில் சுமத்துவது நியாயமன்று.

எழுதவேண்டிய குறிப்பு: நெய்தவர் பெயர், பாவு ஓட்டியவர், சாயம் இட்டவர் பெயர், நெய்த நாள், நீளம், அகலம், எடை, பாவு நூலின் நம்பர், ஊடை நூலின் நம்பர், அச்சின் கணக்கு, அங்குலத்திற்கு ஊடை எத்தனை, விழுது கட்டிய வரிசை, சாயத்தின் பெயரும் அளவும், கொடுத்த கூலி, விற்ற விலை. கரைக்கு ஊரில் வழங்கும் பெயரையும் எழுதுங்கள். பெயர் மறைந்தால் கரையும் மறையும்.

பாதுகாத்தல்: பசையும் ஒட்டுத்தாளும் கூடாது; அவை நாளடைவில் துணியைக் கறைப்படுத்தும். இரும்புக் குண்டூசி துருப்பிடிக்கும். கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியின்மேல் துண்டை வைத்து, மேல் ஓரத்தில் மட்டும் பருத்தி நூலால் தையல் இடுவது சிறந்தது. குறிப்பைத் துணியின்மேல் மையால் எழுதாமல், தனித்தாளில் பென்சிலால் எழுதி இணைக்கலாம். சரிகையுள்ள துண்டை மடித்தால் மடிப்பில் முறியும், சுருட்டி வைக்கவேண்டும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, மூன்று மாதத்திற்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துப் பூச்சி இருக்கிறதா என்று கவனிக்கவேண்டும்.

இரண்டு பிரதிகள்: தீ, மழை, கறையான் எவையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரு பிரதி சங்கத்திலும் மற்றொன்று வேறு கட்டடத்திலும் இருக்கட்டும். துண்டை எடுத்துச் செல்பவர் பதிவேட்டில் கையொப்பமிடவேண்டும்.

புது வடிவம்: புதிதாக அமைத்த கரையையோ பூவையோ சட்டப்படி பதிவு செய்ய எண்ணினால், வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும். வெளியான வடிவத்தைப் பின்னர் புதியதென்று பதிவு செய்ய இயலாது. ஆகவே அத்தகைய துண்டைப் பதிவு முடியும்வரை பிறர் கையில் கொடுக்கலாகாது.

விளைவிப்போருக்கு: பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர்கள், ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பிடி விதையையும் ஒரு பிடி பஞ்சையும், இரகத்தின் பெயர், விளைந்த நிலம், விதைத்த மாதம், மழை, மகசூல் ஆகிய குறிப்புகளோடு வைக்கலாம். கரிசல் நிலத்துக் கருங்கண்ணி போன்ற நாட்டு இரகங்களுக்கு இது மிகவும் வேண்டும். விதை முளைக்கும் திறன் ஆண்டுக்காண்டு குறையுமாதலால், அவ்வப்போது விதைத்துப் புதுப்பிக்கவேண்டும்.

முடிவாக ஒன்று. முதலில் கூறிய சங்கத்தில், அந்தக் கரையை நெய்தவரின் விதவை மனைவி இன்னும் இருந்தார். பிறகு ஒரு நாள் அவரைச் சந்தித்தபோது, "ஊடை நூல் சுற்றிக்கொடுத்தது நான்தான், எந்த நிறம் எத்தனை இழை என்று எனக்குத் தெரியும், என்னை யாரும் கேட்கவில்லையே" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். விழுதின் வரிசை மட்டும் கிடைக்கவில்லை. பாதிக் கரை மீண்டது. மறுபாதி போனது போனதுதான். உங்கள் சங்கத்தில் கேட்கவேண்டியவர்கள் யார் என்பதை இந்த மாதக் கூட்டத்திலேயே ஒரு பட்டியலாக எழுதுங்கள். அவர்களிடம் கேட்பதற்கு நாள் குறியுங்கள்.

கலந்து பேசச் சில வினாக்கள்

1. நம் ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு முன் நெய்து, இப்போது நெய்யாத துணிகள் எவை? அவற்றின் துண்டு யார் வீட்டிலேனும் இருக்கிறதா?

2. 6 கஜ நீளம், 1¼ கஜ அகலமுள்ள ஒரு சேலை 15 அவுன்ஸ் நிறுக்கிறது. சதுர கஜத்திற்கு எத்தனை அவுன்ஸ்?

3. மாதிரித் துண்டு நெய்யும் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆண்டுக்கு எத்தனை துண்டுகள் எடுக்கச் சங்கத்தால் இயலும்?

4. மாதிரி ஏட்டைப் பார்க்க வருவோருக்கு என்ன விதிகள் வேண்டும்? துண்டை நெய்தவரின் இசைவு எப்போது தேவை?

5. நம் வட்டாரத் துணிக்குப் புவிசார் குறியீடு உண்டா? உண்டெனில், நம் அங்கத்தினருள் எத்தனை பேர் அதனைப் பயன்படுத்தப் பதிவு பெற்றுள்ளனர்?